பக்கத்துக் கடைச் சாம்பார்

சித்தூரில் நானும் மனைவியும் டிபன் கடை வைத்திருக்கிறோம். கூட்டமெல்லாம் பக்கத்துக் கடை முனிரத்தினத்துக்குத்தான். “அவன் கட மூடினாத்தான் நாம முன்னுக்கு வர முடியும்” என்றாள் அவள். அவர் சாம்பாரில் பல்லி கிடந்ததாக நான் கதை கட்டினேன்; அவள் பரப்பினாள். அவர் கடைக் கூட்டம் காலியானது.

“காணிப்பாக்கம் வந்து பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணு” என்றார் அவர். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவர் குடும்பம் விளங்காது என்பார்கள். துணிந்துதான் போனோம்.

கோயில் குளத்தில் முழுகி எழுந்ததும் மனைவி என் கையைப் பிடித்தாள். “நீ பேசாத. நானே பண்றேன். வர்றது எனக்கே வரட்டும்.” அதற்குமேல் என்னால் முடியவில்லை.

ஈரத் துணியோடு முனிரத்தினத்திடம் போனேன். “பல்லி இல்லண்ணா. ரெண்டு பேருமா சேந்து சொன்ன பொய்யி.” அவர் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் எங்கள் கடையைத் திறக்கவில்லை. தெருவே பார்க்க அவர் கடையில் உட்கார்ந்து, சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். மன்னித்தாரா, தெரியாது. எங்கள் காலை டிபன் இன்றும் அங்கேதான்.