மாவில் பிசைந்த மார்பு

எங்கள் ஆக்-தால் ஊரில் முப்பது வருஷமாகச் செவிலியாக இருப்பவள் சல்கின். அவளுடைய மருத்துவ நிலையம் என்பது ஒரே அறை, ஒரு கரியடுப்பு, ஒரு எடைக்கருவி. அந்தக் கருவியில் யார் ஏறி நின்றாலும் ஐம்பது கிலோவைத் தாண்டாது. எங்கள் பெண்கள் அங்கே ஆசையாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருமுறை ஓநாய் கடித்த மேய்ப்பன் ஒருவன் ஊசிக்குப் பயந்து குதிரையேறித் தப்பினான். சல்கின் இன்னொரு குதிரையில் துரத்திப் போய், இரண்டு குதிரைகளும் ஓடுகிற ஓட்டத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். நான் பார்க்கவில்லை, ஓநாய் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

போன வசந்தத்தில் நாரின் நகரத்தில் அவளுக்கு மூன்று நாள் பயிற்சி. மார்பில் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் வித்தை. பழகிப் பார்க்க ஒரே ஒரு ரப்பர் மார்பு, அதற்குப் பன்னிரண்டு செவிலியர். மூன்றாம் நாள் அந்த ரப்பர் மார்பும் ஓர் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சல்கின் வெறுங்கையோடு ஊர் திரும்பினாள். வந்ததும் மாவு பிசைந்தாள். எண்ணெயில் பொரிக்கிற போர்சோக் மாவுதான். அதற்குள் ஒரு பட்டாணி, ஓர் உலர்ந்த திராட்சை, ஒரு பாதாம்பருப்பு, அடியாழத்தில் ஓர் ஆப்ரிகாட் பழக் கொட்டை என்று நான்கைப் புதைத்து, ஈரத்துணி போர்த்தி மேசையில் வைத்தாள்.

"மூணு விரலால, வட்டமா, மெதுவா தடவுங்க. நாலையும் கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு கிலோ சர்க்கரை!"

சர்க்கரை என்றதும் ஊரே திரண்டது. ஒருத்தி மூன்றோடு நின்றாள். இன்னொருத்தி ஆறு கண்டுபிடித்தாள்.

"நான் வெச்சதே நாலுதான்டி! மிச்சம் ரெண்டையும் நீ பெத்தியா?" என்றாள் சல்கின்.

நான்கையும் ஒரே மூச்சில் கண்டுபிடித்தவள் ஜிபார். முப்பத்தெட்டு வயது, எங்கள் மேய்ச்சல் மலையிலேயே பெட்டைக் குதிரை கறப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சர்க்கரையை வாங்கிக்கொண்டவள் மற்றவர்கள் போகும்வரை நின்றாள்.

"சல்கின் அக்கா, அடியில இருந்துச்சே ஒரு கொட்டை… அதே மாதிரி ஒண்ணு என்கிட்டயும் இருக்கு. இடது பக்கம்."

சல்கின் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

"முக்காவாசிக் கட்டி ஒண்ணுமில்லாததுதான். ஆனா பாத்துத்தான் ஆகணும். தலைநகர் டாக்டருங்க மெஷினோட நாரினுக்கு வந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருப்பாங்க. இதை விட்டா இனி அடுத்த வருஷம்தான்."

"அத்தை விடமாட்டாங்க."

அத்தை என்றால் மாமியார் ஆயிம்கான். அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. நாளைக்கு ஆறு தடவை குதிரை கறந்து, பாலைப் புளிக்கவைத்துக் கிமிஸ் ஆக்கும் பருவம் அது. அது ஒரு தடை. பெரிய தடை வேறு: ஆயிம்கானின் தங்கை மார்புக் கட்டியை அறுத்துக்கொண்டு வந்து நாற்பது நாளில் போய்விட்டாள். கத்தி பட்டால் பரவும் என்று ஆயிம்கான் அன்றைக்குச் சொன்னது, இன்றும் எங்கள் மலையில் சட்டம்.

சல்கின் உண்மையைச் சொல்லிக் காலத்தை வீணாக்கவில்லை. நேராக ஆயிம்கானிடம் போய், "அக்கா, ஜிபாரோட அண்ணன் போன் பண்ணினாரு. தங்கச்சி பொறந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆச்சேன்னு ஒரே அழுகை" என்றாள்.

பிறந்த வீட்டு அழைப்பை மறுக்கிற மாமியார் எங்களில் இல்லை. மறுத்தால் மானம் போகும். போய் வருகிறவளைப் பிறந்த வீட்டார் வெறுங்கையோடு அனுப்புவதும் இல்லை.

"குதிரை குடுப்பாங்களா?" என்றாள் ஆயிம்கான்.

"குடுக்காம?"

சல்கின் கணக்கில் ஒன்று பிசகியது. ஆயிம்கான் கொழுத்த ஆடு ஒன்றைச் சீர் என்று, சல்கின் ஓட்டி வந்த காரின் பின்னால் ஏற்றினாள். அத்தோடு நில்லாமல், எங்கள் மூத்த பெண்கள் கட்டுகிற வெள்ளைத் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு முன்சீட்டில் தானும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "குதிரையை நானே பார்த்து வாங்குறேன். பல்லைப் பார்க்க உங்களுக்குத் தெரியாது."

பாதி வழியில் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏண்டி, இது நாரின் ரோடாச்சே?"

"சம்மந்தி வீட்டுக்கு மிட்டாய் வாங்காமப் போறதா அக்கா?"

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றது. உள்ளேயிருந்து ஓடி வந்த டாக்டர் பெர்மெத், "ஆக்-தால் ஜிபார்தானே? சீக்கிரம் வாங்க, கடைசி ஆளு நீங்கதான்" என்றார். பின்னாலிருந்து ஆடு கத்தியது. சல்கினிடம் அதற்கு மேல் பொய் இருப்பில் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த ஆயிம்கானின் முகம் இறுகியது. "வண்டியைத் திருப்பு. என் தங்கச்சியைக் கொன்னது பத்தாதா?"

பதினைந்து வருஷமாக மாமியார் எதிரே குரல் உயர்த்தாத ஜிபார் வண்டியிலிருந்து இறங்கினாள். "அத்தை, நீங்க திரும்பிப் போங்க. நான் உள்ள போறேன்."

ஆயிம்கான் பின்னாலேயே நடந்தாள். உள்ளே மெஷினில் பார்த்தாகிவிட்டது. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார் டாக்டர். ஆயிம்கான் குறுக்கே வந்து நின்றாள்.

"உங்க தங்கச்சிக்கு எவ்வளவு பெருசா இருந்துச்சும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

ஆயிம்கான் முஷ்டியை மடக்கிக் காட்டினாள். "புண்ணாகி, சீழ் வடிஞ்சுது. ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல அவ."

டாக்டர் அந்த முஷ்டியைப் பிரித்து, விரல்களை ஜிபாரின் மார்பில் வைத்தார். நாற்பது வருஷம் மடி பிடித்த விரல்கள். அவை வட்டமாக நகர்ந்தன, ஓரிடத்தில் நின்றன.

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான். அதனாலதான் இப்பவே பார்க்கணும்கிறோம்."

ஆயிம்கான் கையை எடுக்க வெகுநேரம் ஆனது. "ஊசியை மெதுவா போடு. இவ என் வீட்டுப் பொண்ணு."

சீராகக் கொண்டு போன ஆட்டைத் திருப்பிக் கொண்டுவருவது எங்களில் வழக்கமில்லை. அன்றைக்கு அந்த வார்டு முழுக்க ஆட்டு சூப் மணத்தது.

பத்து நாளில் முடிவு வந்தது: புற்றுதான், ஆனால் ஆரம்பம். ஜிபாரைத் தலைநகர் பிஷ்கெக்கில் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். ஊருக்குத் திரும்பிய ஆயிம்கான் சல்கினைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் போன் பண்ணினாராமே அண்ணன்! என் மருமக வர்றவரைக்கும் நீதான்டி கறக்கணும்."

சல்கினுக்குக் குதிரை ஏறத் தெரியும், கறக்கத் தெரியாது. முதல் வாரத்தில் பதினேழு உதை. பதினெட்டாவது உதையில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் போய் விழுந்ததாகவும், விழுந்த இடத்தில் இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நடந்து திரும்பியதாகவும் அவளே சொன்னாள். நிலையத்துக்கு வராத மலைப் பெண்களெல்லாம் இந்தக் கூத்தைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களை ஆயிம்கான் சும்மா விடவில்லை. தன் மேய்ச்சல் கூடாரத்துக்குள் தள்ளிச் சல்கினிடம் மார்பைக் காட்ட வைத்தாள். அந்தக் கோடையில் அறுபத்திரண்டு பேர். மூவரை நாரினுக்கு அனுப்பினார்கள். இருவருக்கு ஒன்றுமில்லை, ஒருத்திக்குச் சிகிச்சை நடக்கிறது.

முதல் பனி விழுந்த வாரம் ஜிபார் தலையில் குட்டை முடியோடு வந்து இறங்கினாள். மாத்திரை பல வருஷம் சாப்பிடவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். அவள் கூடாரத்துக்குள் நுழையும்போது ஆயிம்கான் பக்கத்து மலைக்காரி ஒருத்தியை மடக்கி வைத்திருந்தாள்.

"கத்தியாவது ஒண்ணாவது! என் மருமகளுக்கு அந்த டாக்டர் ஸ்பூனால எடுத்தாரு, ஜாம் எடுக்கிற மாதிரி. வலியே இல்ல. கேட்டுப்பாரு அவளையே!"

"அத்தை, நல்லாவே வலிச்சுது" என்றாள் ஜிபார்.

"வாயை மூடுடி. இவ இன்னும் சட்டையைக் கழட்டல."