சிங்காரவேலு அண்ணனும் மண்டி போட்ட வண்டியும்

சாயங்காலம் ஒரு லாரித் தார்ப்பாய்க்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். எதிர்த்த டயர் கடை ரபீக் பாய் வந்து வாசலில் நின்றார். தெருவில் பாதி தூரம் வரும்போதே கத்தத் தொடங்கிவிடுகிற ஆள், அன்றைக்குச் சும்மா நின்றார்.

"அக்கா, நம்ம அண்ணன் தவறிட்டாங்க."

"எந்த ஊர்ல?" என்று கேட்டேன்.

"எந்த ஊர்லயா? வீட்லதான்க்கா, விழிதியூர்ல. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவங்க, காப்பிக்கு எழுப்புனா எழுந்திரிக்கலயாம்."

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. வீட்டில்தானே! எழுதக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அவரைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று அவர் மனைவி கமலா அண்ணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த நெருப்பு அன்றைக்குத்தான் அணைந்தது.

நம் பயணக் குழுவின் நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். கோணல் இருந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

சிங்காரவேலு அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர். வேலை பார்த்த காலம் முழுவதும் பின் சீட்டிலிருந்து ஒருவர் இடது என்றால் இடது, வலது என்றால் வலது. கமலா அண்ணி ஒருநாள்கூட அந்த ஜீப்பில் ஏறியதில்லை. ஆபீஸ் வண்டியில் பெண்டாட்டியை ஏற்றக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. ஓய்வு பெற்றதும் வயலில் ஒரு துண்டை விற்று, புதுச்சேரியில் ஒரு ஓட்டல் முதலாளி ஓட்டிச் சலித்த வெளிநாட்டுச் சொகுசு வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். தோல் சீட்டு, கூரையில் கண்ணாடி, உள்ளே ஏறினால் கல்யாண மண்டபம் மாதிரி வாசனை.

என் கடை வாசலில் நிறுத்திவிட்டு, கூரைக்கு மேலே கூடாரம் தைக்க முடியுமா என்று கேட்டார். டீ வரவழைத்தேன். பாதி டீ குடிப்பதற்குள் வண்டி உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு, முன்பக்கம் மெல்ல இறங்கி, மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டது.

"என்னண்ணே இது?"

"ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை இருக்கும்மா இதுல. பை ஓட்டையாயிருச்சு. அதான் சல்லிசா குடுத்துட்டான்."

"இருக்கட்டும்ணே. எத்தனை வருஷமா நீங்க இறங்கி நின்னு கதவு தொறந்துவிட்டீங்க. உங்களுக்கும் ஒண்ணு மண்டி போடட்டுமே."

டீ புரையேறச் சிரித்தார். அன்றிலிருந்து நான் கிண்டல் செய்வதும் அவர் புரையேறுவதும் வழக்கமாகிவிட்டது.

அந்தச் சொகுசு வண்டியை அவர் என்ன பாடு படுத்தினார் என்று உங்களுக்குத் தெரியும். காற்றுப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சுருள் போட்டு, ஒரு சாண் உயர்த்தினார். ரபீக் பாய் முரட்டு டயர் மாட்டினார். வெள்ளத்தில் போனாலும் என்ஜின் மூச்சு விட ஒரு மூக்குக் குழாய் வைத்தார்கள். முன்னால் இழுவைக் கம்பி. பின் சீட்டைப் பிடுங்கிவிட்டுப் பலகைக் கட்டில், கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள், ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. கூரைக் கூடாரமும் மெத்தையும் என் வேலை.

"நாலு பக்கமும் பெரிய ஜன்னலா வச்சிரு மல்லிகா. காத்து வரணும், கொசு வரக்கூடாது" என்றார். வைத்தேன். நான்கு பக்கமும் கொசுவலை, முழங்கை நீளத்துக்கு. உள்ளே படுத்துப் பார்த்துவிட்டு, சொர்க்கம் என்றார்.

நம் ஊரில் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? மலை ஏறப் பழக அவர் அறுப்பு முடிந்த வயலில் ஓட்டினார், ஆற்றங்கரையில் ஏறி இறங்கினார், கடற்கரை மணலில் புதைந்து மீனவர்களிடம் திட்டு வாங்கினார். பிறகு கொடைக்கானலுக்கு ஒரு வெள்ளோட்டம். நானும் ரபீக் பாயும்கூடப் போனோம். எல்லைச் சோதனைச் சாவடியிலேயே மாட்டிக்கொண்டோம். பாட்டில் மலிவாகக் கிடைக்கிற காரைக்கால் நம்பர் வண்டி, உள்ளே எங்கே தொட்டாலும் ஒரு அறை. போலீஸ்காரர்கள் விடுவார்களா?

"பெரியவரே, இதுக்குள்ள எத்தனை பெட்டி பாட்டில் வச்சிருக்கீங்க?"

"பாட்டிலா? அரிசி இருக்கு, புளி இருக்கு, கமலா போட்ட எலுமிச்சை ஊறுகாய் இருக்கு."

"ஊறுகாய் வேற இருக்கா! அப்ப பாட்டில் எங்கயோ இருக்கு."

எல்லா அறையையும் திறந்து, மெத்தையைத் தட்டி, கடைசியில் தொட்டித் தண்ணீரையும் ஒருவர் கையில் பிடித்து மோந்து பார்த்தார். வெறும் தண்ணீர் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு இடம் வச்சிக்கிட்டு வீணாப் போறீங்களே ஐயா" என்றார். அண்ணனுக்குத் தாங்கவில்லை. "என்னைக் குடிக்காத ஆளுன்னு பாராட்டுறானா, இளக்காரம் பண்றானா?" என்று திண்டுக்கல் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

அதன் பிறகுதான் லடாக் பேச்சு எழுந்தது. அங்கே வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கணவாய் இருக்கிறதாம், அதன் உச்சி வரை வண்டி போகுமாம். அண்ணன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டாக்டர் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உயரத்தில் மூச்சு முட்டினால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கமலா அண்ணி என் கடைக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை.

"கூடாரத்தோட கூரைக்கு மழைத்துணி தைக்கிற வேலை பாக்கி இருக்காமே. தைக்காத மல்லிகா. நீ தைக்கலன்னா போக மாட்டாரு."

"நான் தைக்கலன்னா பழைய கைலியை மேல கட்டிக்கிட்டாவது போவாரு அண்ணி. தைச்சா நனையாமப் போவாரு."

"உனக்கு எல்லாம் வெளையாட்டு. திரும்பி வருவாரா, அதைச் சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே, நான் கேட்காமலே பேசும். "வருவாரு. வீட்டு வாசல்ல கொண்டாந்து விட நானாச்சு" என்றேன்.

"நானாச்சுன்னு சொல்லிட்ட" என்று எழுந்தார் அண்ணி. "நான் மறக்க மாட்டேன்."

அண்ணன் புறப்படும் அன்று அவரிடம் சொன்னேன்: "அண்ணே, உங்களுக்காக என்னை அண்ணிகிட்ட அடமானம் வச்சிருக்கேன். வந்து மீட்டுடுங்க." வழக்கமான சிரிப்பு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ரபீக் பாய் பக்கத்தில் ஏறிக்கொள்ள, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி போனது.

வழியெல்லாம் படம் அனுப்பினார்கள். மலை ஏறத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் போன் வந்தது.

"ஏம்மா, ஜன்னல் வச்சியே, அதுக்கு மூடி வச்சியா?"

"நீங்கதானண்ணே காத்து வேணும்னீங்க."

"வருதும்மா. தாராளமா வருது. பனியும் கூடவே வருது. ராத்திரி ரபீக் பல்லு அடிச்சிக்கிட்டதுல எனக்குத் தூக்கமே இல்ல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜன்னலை மூட வேண்டிய ஊரும் ஒன்று இருக்கும் என்று காரைக்காலில் பிறந்த யாருக்குத் தோன்றும்? கொசுவுக்கு மட்டும்தானே நமக்குப் பயம். "சாக்கைக் கட்டிக்கிட்டுப் படுங்கண்ணே" என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. இரண்டு போனும் அணைந்து கிடந்தன. அண்ணி தினமும் சமையலை முடித்துவிட்டுப் பஸ் ஏறி வந்து, என் கடையில் மடித்து வைத்த தார்ப்பாய் மேல் உட்கார்ந்துகொள்வார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சும்மா உட்கார்ந்திருந்தார். என்னிடம் இருந்த கிண்டல் எல்லாம் தீர்ந்துபோனது. அந்த நாட்களில் நான் போட்ட தையல் ஒன்றும் நேராக இல்லை.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. "கீழ எறங்கிட்டோம்மா. அவ அங்கதான் இருக்காளா?"

போனைக் கொடுத்தேன். அண்ணி காதில் வைத்துக் கேட்டார். "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தெருமுனை திரும்பும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்தது தெரிந்தது.

வண்டி ஊர் வந்து சேருவதற்குள் நீங்கள் தலத்தெரு முனையில் பேனர் கட்டிவிட்டீர்கள். 'இமயத்தின் உச்சி தொட்ட விழிதியூர் வேங்கையே வருக!' பின்னால் பனிமலை, முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணன். அவர் பேனர் பக்கமே வரவில்லை. பின் தெருவைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். வெட்கம் என்று நினைத்தேன்.

கூடாரத்தைப் பிரித்துப் பார்த்தால், நான்கு ஜன்னலிலும் அரிசிச் சாக்கு. அவர் வயலில் விளைந்த அரிசிதான், வேறு சோறு இறங்காது என்று மூட்டையோடு கொண்டுபோனது. கோணி ஊசியால் சாக்கை அவரே தைத்திருந்தார், ஒவ்வொரு தையலும் ஒரு விரல் நீளம்.

"அண்ணே, இது தையலா, வேலியா?"

"சிரி, சிரி. அதுதான் உசிரைக் காப்பாத்துச்சு."

பிரித்து நன்றாகத் தைத்துத் தருகிறேன் என்று கத்திரியை எடுத்தேன். அப்போதுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மல்லிகா, நான் உச்சிக்குப் போகல."

கத்திரியைக் கீழே வைத்தேன்.

"உச்சி கண்ணுல தெரிஞ்சிது. நாலஞ்சு வளைவுதான் பாக்கி. நெஞ்சு லேசா இறுக்குன மாதிரி இருந்துச்சு. நிறுத்துனேன். கொஞ்ச நேரத்துல சரியாவும் போச்சு. போயிருக்கலாம். ரபீக் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான், வாயத் தொறக்கல. உன்னை அடமானம் வச்சிட்டு வந்திருக்கேனேன்னு நெனப்பு வந்துச்சு. வண்டியத் திருப்பிட்டேன்."

அண்ணி உட்கார்ந்திருந்த தார்ப்பாய் மேல் நானும் உட்கார்ந்தேன்.

"வருத்தமாண்ணே?"

"வருத்தமா? இத்தனை வருஷமும் எவனோ திருப்புன்னான், திருப்புனேன். இதுதாம்மா நானாத் திருப்புனது."

பேனர் கட்டிய பிள்ளைகள் மனசு நோகும், யாரிடமும் சொல்லாதே என்றார். அவர் இருந்தவரைக்கும் சொல்லவில்லை. அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் நீங்கள் வந்து புரையேற முடியாது, போட்டுக்கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் வண்டியோடு ஊர் ஊராகப் போனார், என் வாக்கும் அண்ணியிடம் அடமானத்திலேயே கிடந்தது. சாவு வீட்டில் கமலா அண்ணி எதிரில் போய் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் அவர்தான் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னார்: "ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் படுத்தாருடி. என் வீட்டுல, என் சோத்தைத் தின்னுட்டு, என்னைக் குத்தம் சொல்லிட்டுப் போயிருக்காரு. எங்க கெடப்பாரோன்னு பயந்த பயம் விட்டுது. நீ சொன்னபடி கொண்டாந்து சேத்துட்ட." இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பார்த்தவர்களுக்கு அது துக்கம் மட்டும்தான் என்று பட்டிருக்கும்.

மறுநாள் அஸ்தி கரைக்கக் கடலுக்குப் போக, அந்த வண்டிதான் வேண்டும் என்று அண்ணி நின்றார். ஏற முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, நான் பின்னாலிருந்து தள்ளி, ஒருவழியாக உட்கார வைத்தோம். "ஒரு பொம்பளை ஏறுவாளேன்னு நெனச்சாரா பாரு, இம்மாம் ஒசரத்துக்குத் தூக்கி வச்சிருக்காரு" என்று போனவரைத் திட்டினார். துபாயிலிருந்து வந்த மகன் கலயத்தோடு தண்ணீரில் இறங்க, ரபீக் பாய் கூடப் போனார். நானும் அண்ணியும் வண்டிக்குள் இருந்தோம். அண்ணியிடம் மறைப்பது நியாயமாகப் படவில்லை.

"அண்ணி, அண்ணன் அந்த உச்சிக்குப் போகல. உங்களுக்குக் குடுத்த வாக்குக்காகப் பாதியில திரும்பிட்டாரு."

அண்ணி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்டி. நெசமா போயிருந்தா அந்தப் பேனரைக் கழட்டியாந்து கூடத்துல மாட்டியிருப்பாரே. அதைப் பாக்காம ஊரைச் சுத்திக்கிட்டுல்ல வந்தாரு!"

அண்ணனிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். மேலே ஏறுவதற்காக அந்த வண்டியில் எதை எதையோ பூட்டினோம். திரும்பி வருவதற்கென்று நாங்கள் ஒரு திருகாணிகூட மாட்டவில்லை. அது அவரிடமே இருந்தது.

போன வாரம் என் நாத்தனார் என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று திருமலைராயன்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எல்லாம் தயார். நிரவியில் பஸ் நின்றது. இறங்கினேன். ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் வந்து நின்று, காரைக்கால் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.