மறித்தேனா, விட்டேனா?

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில் பலெர்மோ நகரத்தில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நடந்தது இது. வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வியாழன் பின்னேரம்தான் ஓய்வு. கல்யாணப் பேச்சு, கோபதாபம், உதைபந்தாட்டம் எல்லாவற்றையும் அந்தச் சில மணித்தியாலத்துக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன்களின் அணியில் நான் வலது பெக். எங்கள் கோலுக்கு முன்னால் வலது கரையோரம் நின்று, அந்தப் பக்கத்தால் ஓடிவருகிறவனை மறிப்பது என் வேலை. ஆனால் நான் பாய்ந்து விழுகிற ஆள் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று, வருகிறவனின் இடுப்பைப் பார்த்தபடி பின்னுக்கு நகர்ந்துகொண்டிருப்பேன். ஒரு கட்டத்தில் அவனுக்கு அவசரம் வந்து பந்தை நீளமாகத் தட்டுவான். அப்போது எடுத்துவிடுவேன். எங்கள் கப்டனுக்கு இது கண்ணிலும் காட்டக்கூடாது. "பெக்குக்குத் திமிர் வேணுமடா. வாறவன் உன்னைப் பாத்துப் பயப்பிடோணும். நீ என்னடாவெண்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு வழி விடுறமாதிரி நிக்கிறாய்" என்பார். ஆட்டம் வென்றால் அதோடு விட்டுவிடுவார்.

அந்த வருடம் கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணை ஒருவர், தங்கச்சியின் கல்யாணத்துக்காக லண்டன் போனார். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அப்படிப் போகிறவர் திரும்பி வரும்வரை தன் வேலையை நம்பிக்கையான ஒருவனிடம் விட்டுவிட்டுப் போவார். அவர் வந்து இறங்கியதும் மறுபேச்சு இல்லாமல் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். விட்டுப் போன வேலையைப் பிடித்துக்கொண்டான் என்று ஒருவனுக்குப் பெயர் வந்தால், பிறகு பலெர்மோவில் யாரும் அவனை ஒரு வீட்டுக்கும் வேலைக்குச் சொல்லிவிட மாட்டார்கள். அந்த அண்ணை என்னைத்தான் நம்பி விட்டுப் போனார்.

அவர் வந்த அன்றே சாவியைக் கொடுத்துவிட்டேன். வில்லங்கம் அந்த வீட்டுச் சிஞ்ஞோராவால், அதாவது வீட்டுக்கார அம்மாவால், வந்தது. வயதான அந்த அம்மா அவரிடம், "அந்தப் பெடியன் நல்ல பணிவு, அவனே நின்றிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் எனக்கு அப்போது தெரிந்த இத்தாலிய மொழி 'சீ, சிஞ்ஞோரா' மட்டும்தான், 'ஓம் அம்மா' என்று அர்த்தம். எதைச் சொன்னாலும் ஓம் என்கிறவனை யாருக்குத்தான் பிடிக்காது? அண்ணை ஆனால் நான் பணிவு காட்டி வேலையைப் பிடிக்கப் பார்த்ததாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பஸ்ஸில் என்னைக் கண்டால் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

இந்த நேரம் பார்த்து, எங்கள் ஆட்களின் சுற்றுப்போட்டியில் இறுதி ஆட்டம் எங்களுக்கும் மொண்டெல்லோ அணிக்கும் என்று வந்தது. அண்ணை அவர்களுடைய இடது விங்கர். அதாவது அவர் ஓடிவருவது என் பக்கத்தால். அவரை மறிக்க வேண்டியவன் நான்.

அணிப் பெடியன்கள் சேர்ந்திருந்த எங்கள் அறையில், வேலை தந்தவருக்கு நான் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று அதற்கு முதல் வாரமே குசுகுசுப்புத் தொடங்கிவிட்டது. நான் குசினிக்குள் போனால் கதை நின்றுவிடும். "அண்ணையைச் சந்திச்சனியோ?" என்று ஒருவன் சும்மா கேட்பதுபோலக் கேட்டான். சந்தித்தேன் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. வேலையில்லாமல் இருந்த என்னைத் தன் சிஞ்ஞோராவின் சொந்தக்காரர் வீட்டுக்குச் சொல்லிவிடுவதாகக் கப்டன் வாக்குத் தந்திருந்தார். 'இவன் நேர்மையான ஆள்' என்று அவர் சொல்லப்போகும் அந்த ஒரு சொல்லைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன்.

ஆட்டம் பிரான்காச்சோ என்ற பகுதியில், மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு புழுதி மைதானத்தில் நடந்தது. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அண்ணை பந்தோடு வந்தார். நான் வழக்கம்போலத் தள்ளி நின்று பின்னுக்கு நகர்ந்தேன். அவர் அவசரப்படவே இல்லை. நான் விட்ட அந்த இடைவெளியிலேயே நின்று அடித்தார். கோல்!

இடைவேளையில் ஒருவரும் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டவில்லை. கப்டன் எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டார்:

"வேலை தந்தவருக்கு வாசலைத் திறந்து விடுறியோ?"

"இல்லை கப்டன். நான் எப்பவும் இப்பிடித்தானே நிக்கிறனான்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. உன்ரை பணிவு எங்கை முடியுது, கள்ளம் எங்கை தொடங்குது எண்டு."

என்னை வெளியே எடுக்கத்தான் நினைத்தார். எனக்குப் பதிலாக இறங்க வேண்டியவனை, வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று அவனுடைய சிஞ்ஞோரா விடவில்லை. வேறு வழியில்லாமல் என்னையே நிற்க விட்டார்.

இரண்டாம் பாதியில் அண்ணை எனக்குக் கிட்டவந்து மெல்லச் சொன்னார்: "சிஞ்ஞோராவுக்குக் காட்டின பவ்வியத்தை எனக்குக் காட்டவேண்டாம், தம்பி." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த முறை அவர் பந்தோடு வந்தபோது, கப்டன் சொன்ன திமிரோடு பாய்ந்தேன். அவர் பந்தை இலேசாக இழுத்துக்கொண்டு விலக, நான் புழுதியில் சறுக்கிக்கொண்டு போனேன். அவர் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் தப்பினோம்.

எழும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேண்டுமென்றே விழுந்தேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நின்றாலும் கள்ளன், பாய்ந்தாலும் கள்ளன். அப்படியென்றால் இனி யாருக்காக விளையாடுவது? அழுகைதான் வந்தது. பிறகு, எனக்குத் தெரிந்த மாதிரியே நிற்பது என்று முடிவெடுத்தேன். ஆனால் இந்த முறை அரையடி கிட்ட நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பை மட்டும் பார்த்தேன். வந்தார், எடுத்தேன். மறுபடி வந்தார், மறுபடி எடுத்தேன். கடைசிவரை அவர் என்னைத் தாண்டவில்லை.

ஆனால் அந்த ஒரு கோலால் தோற்றுவிட்டோம்.

எல்லோரும் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது அண்ணை எங்கள் பக்கம் நடந்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கையைப் போட்டு, "மார்கழியிலை திரும்பவும் லண்டன் போறன். வேலையை உன்னட்டைத்தான் விட்டிட்டுப் போவன். நிப்பியோ?" என்று கேட்டார்.

பணிவு காட்டிக் காரியம் பார்க்கிறவன் என்றால் இரண்டாம் பாதியில் தன்னை அப்படி மறித்திருக்கமாட்டான் என்று கண்டிருப்பார்; அவருடைய சந்தேகம் தீர்ந்துவிட்டது என்பதை அவர் சொல்கிற விதம் அதுதான். பிடித்துக்கொள்வான் என்று பயந்த வேலையையே திரும்ப நம்பித் தருகிறார். இதைவிட ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? ஆனால் எனக்குப் பின்னால் கப்டனின் குரல் கேட்டது: "பாத்தியளே, கூலி கையோடை வந்திட்டுது."

அண்ணையின் கை இன்னும் என் தோளில் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் எங்கள் அணிக்கு முன்னால் நல்லவன் ஆகலாம். ஆனால் அந்த மனிதர் முன்வந்து வைத்த நம்பிக்கையைத் தட்டிவிட்டதாகிவிடும். கப்டனைத் திரும்பிப் பார்க்காமல், "ஓம் அண்ணை, நிப்பன்" என்றேன்.

கப்டன் பிறகு என்னை எந்த வீட்டுக்கும் சொல்லிவிடவில்லை. மார்கழி வரும்வரை மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். மார்கழியில் அண்ணையின் வேலைக்குப் போனேன், அவர் வந்ததும் சாவியைக் கொடுத்தேன். இந்த முறை சிஞ்ஞோரா என்ன சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கவலை இருக்கவில்லை.

கன வருடங்களுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் கப்டனைச் சந்தித்தேன். தலை நரைத்துவிட்டது. பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "இனி என்ன, ஆட்டம் முடிஞ்சு எவ்வளவு காலம். உண்மையைச் சொல்லு, அண்டைக்கு விட்டனியோ?"

"இல்லை கப்டன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவரும் சிரித்தார். நம்பினாரா என்று தெரியாது.

இரண்டாம் பாதியைப் பற்றி எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் அந்த முதல் கோலுக்கு நான் தள்ளி நின்றது என் விளையாட்டா, இல்லை வேலை தந்தவருக்கு முன்னால் என் கால் தானாகப் பின்வாங்கியதா என்று, என்னை நானே இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.