'வேண்டாதது' என்ற கோப்புறை

பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். காலை முதல் மாலை வரை நாலு வார்த்தைகூடப் பேசாத மனிதருக்கு வைத்த பட்டம் அது. லாரி இன்ஜினுக்குள் அவர் தலையை விட்டிருக்கும்போது யாராவது, "என்ன ரேடியோ, இன்னைக்கும் பேட்டரி இல்லையா?" என்பார்கள். அவர் சிரித்துவிட்டு ஸ்பேனரைத் திருப்புவார். பதில் இல்லாமல் இல்லை. பதில் தொண்டைக்குழி வரை வரும். முதல் எழுத்திலேயே சேற்றில் புதைந்த சக்கரம்போல நின்றுவிடும். அவருக்குத் திக்குவாய். 'ப' எழுத்தில்தான் தொல்லை அதிகம். பட்டறையிலோ பிஸ்டன், பம்ப், பெல்ட் என்று பாதிப் பேச்சு அதில்தான் தொடங்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அவருக்கு வேறு பெயர் இருந்தது: வாயாடி.

அந்தப் பெயரை வைத்தவர்களில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. எல்லாரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மெக்கானிக்குகள். கோளாறான இன்ஜின்களின் சத்தத்தைப் பதிவு செய்து அவரவர் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள். கோப்புகளைப் பகிரும் மென்பொருள் ஒன்றின் வழியாக ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் நேரடியாக எடுத்துக்கொள்வார். கேட்டுவிட்டு, கீழே இருக்கும் பெட்டியில் எழுதிப் பேசுவார்கள். "இது வால்வு", "இல்லை, பேரிங்" என்று சண்டைகூட நடக்கும். அந்தச் சண்டைகளில் அவர்தான் முன்னால் நிற்பார். விரல்களுக்குத் திக்காது அல்லவா? கேலி செய்வார், கதை சொல்வார், நியாயம் பேசுவார். அவருக்குத் திக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. உலகத்திலேயே அது தெரியாத இடம் அது ஒன்றுதான். அதைக் கண்ணைப்போலக் காத்து வந்தார்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து, அவரால் மற்றவர்களிடமிருந்து எடுக்க முடிந்தது. அவரிடமிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை. எடுப்பவர் கொடுக்கவும் வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் விதி. எல்லாரும் தலைவர் என்று அழைக்கும் கிழட்டு மெக்கானிக் எழுதிவிட்டார்: "வாயாடி, உங்க வாய்தான் நீளுது, கை நீள மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் பேரை எடுத்துடுவோம்."

அவர் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். தன் கோப்புறை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லையோ என்ற எண்ணத்தில், பகிரவேண்டிய இடம் என்பதில் 'இன்ஜின்' கோப்புறைக்குப் பதிலாக எல்லாக் கோப்புகளும் இருக்கும் முழு டிரைவையும் குறித்து வைத்தார். அதற்கும் அசையவில்லை. ஆத்திரத்தில் மூடிவிட்டுப் போனவர், அப்படிக் குறித்ததையே மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன்.

"என்ன மாமா, தொண்டை கட்டிக்கிச்சா உங்க கம்ப்யூட்டருக்கு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். முதலில், வெளியாட்களை உள்ளே விடாமல் தடுக்கும் காவலான ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிட்டு, கூட்டத்தில் ஒருவரை எடுத்துப் பார்க்கச் சொல்லும்படி அவரிடம் சொன்னான். அவர் எழுதினார். எடுக்க முடிந்தது என்று பதில் வந்தவுடன் ஃபயர்வாலை மறுபடியும் போட்டுவிட்டான்.

"திருடன் யாருன்னு தெரிஞ்சிடுச்சு. அதுக்காகக் கதவையே கழட்டி வெச்சுட்டுத் தூங்க முடியாது. ஏன் மாமா, இந்த சாஃப்ட்வேரை மொதமொதல்ல போட்டப்போ, இதை அனுமதிக்கலாமான்னு ஒரு ஜன்னல் வந்துச்சா?"

அவர் தலையசைத்தார்.

"நீங்க என்ன அமுக்குனீங்க?"

"வே... வேணாம்னு."

"அதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீங்க வேணாம்னு சொன்னதை அது சட்டமா எழுதி வெச்சுக்கிச்சு. நீங்க சாஃப்ட்வேரை அழிச்சாலும் அந்தச் சட்டம் அழியாது. பாருங்க, இதோ."

ஃபயர்வாலின் விதிகளில் அந்த மென்பொருளின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி இரண்டு இருந்தன. இரண்டையும் நீக்கினான். வெளியிலிருந்து வருபவர்களை அந்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதிக்கும் விதி ஒன்றைப் புதிதாகப் போட்டான். சற்று நேரத்தில் திரையின் கீழே பச்சைக் கோடுகள் ஊர ஆரம்பித்தன. எடுக்கிறார்கள். ஒருவர், இருவர், பிறகு பலர். பல மாதம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்ததுபோலக் கூட்டம்.

"அக்கா, டீ போடு. மாமா பொழச்சுட்டாரு," என்று சொல்லிவிட்டு அவன் சமையலறைக்குப் போனான்.

அவர் முகம் மலர அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்ன எடுக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று பட்டியலைத் திறந்தார்.

இன்ஜின் சத்தம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தது 'வேண்டாதது' என்ற கோப்புறையை.

அதில் இருந்தது அவர் குரல். பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், தினமும் உரக்கப் பேசிப் பதிவு செய்யச் சொல்லியிருந்தார். ஓராண்டாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியவை. செய்தித்தாள் வாசித்தது, பட்டறை முதலாளியிடம் விடுப்பு கேட்பதாக நினைத்துப் பேசியது, பேட்டரி இல்லையா என்று கேட்டவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில்கள். மனைவிக்குக்கூடப் போட்டுக் காட்டியதில்லை. யாரும் தொடக்கூடாது என்றுதான் அப்படிப் பெயர் வைத்திருந்தார். மெக்கானிக்குகளோ, வேண்டாதது என்றால் மட்டமான இன்ஜின் சத்தம், அதில்தான் சரக்கு இருக்கும் என்று பாய்ந்திருக்கிறார்கள்.

கை சுட்டியைத் தேடியது; கிடைக்கவில்லை. சுவரிலிருந்த சுவிட்சை அடித்து அணைத்தார். திரை இருண்டது.

"என்னாச்சுங்க?" மனைவி ஓடிவந்தாள். அவர் வாய் திறந்தது. ஒரு எழுத்துகூட வரவில்லை. திரையையும் தன் தொண்டையையும் மாறி மாறிக் காட்டினார். கனவு கண்ட ஊமையைப்போல அவர் தவிப்பதைப் பார்த்து மச்சான் கம்ப்யூட்டரை மறுபடி போட்டான். இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் முகமும் மாறியது.

"மாமா, மொத்த டிரைவையும் பகிர்ந்து வெச்சிருக்கீங்க. இவ்வளவு நாளா இந்த ஃபயர்வால்தான் உங்களைக் காப்பாத்திருக்கு." அவன் குரல் இறங்கியது. "நான்தான் தொறந்து விட்டேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பகிரும் இடத்தை 'இன்ஜின்' கோப்புறைக்கே மாற்றினான். போனதைத் திரும்பக் கூப்பிட வழி இல்லை என்று அவரிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

"இணைப்பைப் போடு," என்று அவர் சைகை காட்டினார்.

பேச்சுப் பெட்டியில் தலைவரின் கேள்வி காத்திருந்தது: "வாயாடி, இது யார் குரல்?"

"என் குரல்னு போட்டுடுங்க மாமா, நான் திக்குற மாதிரி நடிச்சேன்னு வெச்சுக்குவோம்," என்றான் மச்சான். நல்ல பொய்தான். அவர் அவனுடைய பெயரைப் பாதிவரை தட்டினார். பிறகு அழித்தார். நடித்தது என்று சொன்னால், நாளைக்கு ஒருவன் அதைப்போலவே நடித்துக் காட்டுவான். தானும் சேர்ந்து சிரிக்கவேண்டியிருக்கும். "என்னுடையது," என்று எழுதினார்.

மனைவி அவர் தோளில் கை வைத்தாள். அந்தக் கையும் அவருக்குப் பாரமாக இருந்தது.

பிறகு ஒருவர் எழுதினார்: "ஆரம்பத்துல பதிவு பண்ணதுல 'ப' வர்றப்பல்லாம் அடைக்குது. கடைசியில பதிவு பண்ணதுல பாதிதான் அடைக்குது. நடுவுல என்ன மாத்துனீங்க?"

இன்னொருவர்: "மூச்சு. பேசறதுக்கு முன்னாடி மூச்சு விடுறார், கேளுங்க."

"இல்லை, வேகம் குறைஞ்சிருக்கு."

அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான சண்டை தொடங்கிவிட்டது. இன்ஜினைக் கேட்பதுபோலவே அவரைக் கேட்டிருக்கிறார்கள். சிரிப்பார்கள் என்று பயந்தார், பரிதாபப்படுவார்கள் என்று அதைவிடப் பயந்தார். இதை அவர் நினைத்தே பார்க்கவில்லை. குறைந்திருக்கிறதா? பேசிப் பதிவு செய்த கையோடு மூடிவிடுவாரே தவிர, எதையும் அவர் திரும்பக் கேட்டதில்லை. ஆனாலும், இனி அவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்தக் குரலில்தானே படிப்பார்கள்? வாயாடி போய்விட்டான். அது மட்டும் உறுதி.

கடைசியாகத் தலைவர் கேட்டார்: "காலையில எழுந்ததும் எப்படி இருக்கும்? வண்டி குளிர்ந்து கிடந்தா ஸ்டார்ட் ஆகுமா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். திரையைக் காட்டி, "நா... நான் காலையில எப்படிப் ப... ப... பேசுவேன்?" என்றார்.

அவள் படித்துவிட்டு யோசித்தாள். "காலையில நீங்க எங்கங்க பேசியிருக்கீங்க?" என்றாள்.

அவர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு தட்டினார்: "காலையில் சாவியே போடுவதில்லை."