அக்கா இறந்தது காமாலையில்

மாமா, நீங்கள் பொய் சொன்னீர்கள். அக்காவின் உடல் வீட்டில் கிடந்தபோது, மாலையோடு வந்தவர்களிடம் எல்லாம், "வலிப்புல போயிட்டா, பாவம்" என்றீர்கள். அக்கா வலிப்பில் இறக்கவில்லை. மஞ்சள் காமாலையில் இறந்தார். ஆஸ்பத்திரிப் பக்கமே நீங்கள் வராததால் தெரியாமல் சொல்கிறீர்கள் என்று நினைத்து, அன்றே உங்களிடம் எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகும் போகிற இடமெல்லாம் அதையேதான் சொல்கிறீர்கள்.

அக்காவின் வருஷ திதிக்குப் போடுகிற நினைவு மலரை இப்படித் தொடங்கக் கூடாது என்று தம்பி சொன்னான். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

அக்கா கம்மாபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். வீட்டில் மூத்தவர். அடுத்து நான், கடைசி தம்பி. அப்பா இறந்ததும் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்து, தன் அண்ணனான உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். அங்கேதான் அக்காவுக்கு முதல் முறை வலிப்பு வந்தது. அம்மா மந்திரித்தார், வேப்பிலை அடித்தார், கையில் இரும்பு கொடுத்தார். ஒரு முறை நீங்கள் கரண்டிக் காம்பை அக்காவின் பல்லுக்கிடையில் திணித்தீர்கள். முன்பல் பாதி போயிற்று. கெட்ட எண்ணத்தில் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

உடைந்த பல்லைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவைத் திட்டினார். வாயில் எதையும் வைக்காதே, பிடித்து அழுத்தாதே, ஒருக்களித்துப் படுக்க வை, மாத்திரையை ஒரு நாளும் விடாதே என்றார். அதைக் கேட்டு முழுதாக மனதில் வாங்கிக்கொண்டவர் அக்கா.

சில வருஷம் கழித்து அக்கா ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் இருக்கும் பிசிறை வழித்து, ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. மற்றவர்கள் வலிப்பை மறைத்துவிட்டுச் சேரச் சொன்னார்கள். அக்கா முதல் நாளே கம்பெனிக் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்லிவிட்டார்.

"எனக்கு வலிப்பு வரும். வந்தா பயப்படாதீங்க. ஒருக்களிச்சுப் போட்டுட்டுப் பக்கத்துல இருங்க. வாயில மட்டும் எதையும் வெக்காதீங்க, இருக்கறது பாதிப் பல்லுதான்."

வேலையில் மூத்தவரான மேரியக்காதான் பதில் சொன்னாராம்.

"நீ வுழுந்தா நாங்க பாத்துக்குவோம். பொம்ம வுழுந்தா மொதலாளி எங்களப் பாத்துக்குவாரு. அதனால ஓரத்துல ஒக்காராத. நடுவுல ஒக்காரு."

அன்று முதல் அக்கா இடம் நடுவில். சூளைக்குத் தூரமாக, பின்னால் பொம்மைப் பலகை அடுக்காத இடம். களிமண் வந்த சாக்கு ஒன்றை உதறி மடித்துத் தலைக்கு வைக்கத் தயாராக வைத்திருந்தார்கள். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அந்தச் சாக்கைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். வலிப்பு தெளிந்து அக்கா கண் திறந்ததும் மேரியக்கா கேட்பார்: "எந்த ஊருக்குடி போயிட்டு வந்த?"

"சேத்தியாத்தோப்புக்கு. பஸ்ஸு கெடைக்கல, அதான் லேட்டு."

ஒரு நாள் வேப்பூர், ஒரு நாள் சிதம்பரம். பதில் வரும்வரை பக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் அக்கா புருவமெல்லாம் வெள்ளைத் தூளோடு வருவார். மடியில் கழித்துப்போட்ட பொம்மை ஏதாவது இருக்கும். மூக்கில்லாத கிளி, காது போன யானை. எங்கள் ஜன்னலில் அடுக்கி வைத்துத் தன் பல்லைக் காட்டி, "எங்க ஜாதி இதுங்க" என்று சிரிப்பார். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்று மணலில் கொட்டகைப் பெண்களோடு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டு, கடையில் இருக்கும் பொம்மைகளில் தான் துடைத்தது எது என்று அக்கா காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

தம்பி கல்யாணம் வந்தது. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டபின் மற்ற இரண்டையும் அவனோடு பிறந்தவள் போடுவது எங்கள் வழக்கம். மூத்தவர் அக்கா. நீங்கள் மறித்தீர்கள்.

"தாலி கட்டற நேரத்துல வுழுந்து வெச்சான்னா சம்பந்தி மூஞ்சில எப்பிடி முழிக்கிறது? சின்னவ போடட்டும்."

நான் மாட்டேன் என்றேன். அக்கா நேராக மணப்பெண்ணின் பின்னால் போய் நின்றார். கொட்டகைப் பெண்கள் சுற்றி நின்றார்கள். இரண்டு முடிச்சையும் அக்காதான் போட்டார்.

வலிப்பு பந்தியில்தான் வந்தது. நீங்கள் சாவிக்கொத்தோடு ஓடி வந்தீர்கள். மேரியக்கா மறித்தார்.

"சாவிய வெச்சுப் பொட்டியத் தொறங்க, பெரியவரே. அவ கைய வுடுங்க."

இலையை நகர்த்தினார்கள். ஜமுக்காளத்தை மடித்துத் தலைக்கு வைத்தார்கள். "ஒண்ணுமில்ல, இப்ப எழுந்துப்பா, நீங்க சாப்புடுங்க" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார்கள். அவர்களும் சாப்பிட்டார்கள். அக்கா கண் திறந்ததும் வழக்கமான கேள்வி.

"எந்த ஊருக்குடி போயிட்டு வந்த?"

"எங்க மாமா வூட்டுக்கு. கதவத் தொறக்கவே மாட்டேன்னுட்டாங்க."

பந்தியே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அதன்பின் உங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அக்காவுக்கு அழைப்பு வரவில்லை.

போன வருஷம் காமாலை கண்டது. கடைசிவரை நினைவோடு இருந்தார். படுக்கையில் வலிப்பு ஒரு முறைகூட வரவில்லை. பக்கத்தில் இருந்த நான் சொல்கிறேன்.

இப்போது ஏன் இதைக் கிளறுகிறேன் என்றால், மாமா, உங்கள் பேத்திக்கும் வலிப்பு வருகிறது. அவள் அம்மா எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். "ஒருத்தி அதுல போனது போதாதா" என்று சொல்லி அந்தப் பெண்ணை ஸ்கூலிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன பொய்யை நீங்களே நம்பி, ஒரு குழந்தையை அடைத்துவிட்டீர்கள்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வண்டி கட்டிய எதிர்வீட்டுக்காரருக்கும், அக்காவை நடுவில் உட்கார வைத்த மேரியக்காவுக்கும் கொட்டகைப் பெண்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வருஷ திதிக்கு அவர்கள் வருகிறார்கள். பேத்தியின் டீச்சரிடம் பேசவும், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கவும் மேரியக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்களும் வாருங்கள், மாமா. இலை போடுவதற்கு முன்னால், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அக்கா எதில் இறந்தார்? உங்கள் பேத்தி என்றைக்கு ஸ்கூலுக்குப் போகிறாள்?