மல்லிகா அக்காவும் நின்று நின்று ஓடிய லாரியும்

டிரைவர் ஏழுமலை அண்ணனிடமிருந்து போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எங்க நின்னுச்சு?" என்பதுதான். ஒரு காலத்தில் அதைச் சொல்வதற்காகவே அவர் போன் செய்வார். அன்று காலை நான் ஆரணியில் என் அம்மா வீட்டில் மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷத்தில் அதையே கேட்டுவிட்டேன்.

"வண்டி நிக்கலம்மா. வண்டி நல்லாத்தான் இருக்குது. அக்கா போயிட்டாங்க," என்றார்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மல்லிகா அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னவர்கள், பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் அன்னதானம் போடும் குழுவினர். அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன். நடுவில் இரண்டு முறை இருமினான். போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களில் என்னை அறிந்தவர்கள் இதற்குச் சிரிப்பீர்கள். அக்காவும் சிரிப்பார்.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோன புதிதில், விடியற்காலையில் வாசலில் லாரியைக் கிளப்பும் சத்தத்தில் கைக்குழந்தை வீறிட்டு எழுந்துகொள்வான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கீழே இறங்கிப்போய்ச் சொன்னேன். அக்கா நெற்றிக்கு விபூதி இட்டுக்கொண்டே கேட்டார், "என் வண்டி காலையில ஒருவாட்டிதான் கத்துது. உன் புள்ள நாள் பூரா கத்துறானே, நான் என்னைக்காவது மேல வந்து கேட்டனா?" நான் வந்த வழியே மாடியேறினேன். அன்று மாலையே குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதன்பிறகு லாரி கிளம்பும் சத்தம் கேட்டால் அவன் அழவில்லை. கீழே போகவேண்டும் என்று கையை நீட்டினான்.

அந்த லாரி அவர் கணவர் விட்டுப்போனது. அவர் இறந்தபோது விற்றுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அக்கா ஏழுமலை அண்ணனை டிரைவராக வைத்துக்கொண்டு, தானும் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். செங்கல், மல்லாட்டை, நெல் என்று எது கிடைத்தாலும் ஏற்றினார். பௌர்ணமி அன்று மட்டும் வேறு சவாரி கிடையாது. அன்னதானத்துக்கான அண்டாக்களும் விறகும் தண்ணீர் டிரம்களும் அந்த லாரியில்தான் கிரிவலப் பாதைக்குப் போகும். அன்று காலை வண்டியைக் கழுவி, முகப்பில் விபூதிப் பட்டை போட்டு, சக்கரம், ஸ்டீயரிங், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். டீசல் டேங்க் மூடிக்கு மட்டும் ஒரு கை சந்தனம் அப்புவார். ஏன் என்று கேட்டால், "வயித்துக்கு ஜாஸ்தி வெக்கணும்மா. அது நெறஞ்சாத்தான மத்ததெல்லாம்," என்பார்.

அப்படி ஆசையாகப் பார்த்துக்கொண்ட வண்டிதான் வழியில் நிற்க ஆரம்பித்தது. வீட்டிலிருந்து ஜோராகக் கிளம்பும். ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் பிடிக்காது. அப்புறம் நின்றுவிடும். ஏழுமலை அண்ணன் இறங்கி, எஞ்சின் பக்கத்தில் இருக்கும் சின்ன கைப்பம்பை அடித்து அடித்து டீசலை மேலே ஏற்றுவார். கொஞ்ச நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். அடுத்த ஊருக்குள் மறுபடி நிற்கும்.

டீசல் எஞ்சினில் சந்தேகப்பட எத்தனை இடம் உண்டு என்பதை அந்த நாட்களில் மாடிப்படியில் நின்றே கற்றுக்கொண்டேன். ஃபில்டர் மாற்றினார்கள். பைப்பில் காற்றுப் புகுந்திருக்கிறது என்று ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார்கள். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தார்கள். கடைசியில் பம்பையே கழற்றி பம்ப் கடையில் கொடுத்துச் சரிபார்த்து மாட்டினார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது. மெக்கானிக் ஊருக்குள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார், வண்டி குதிரை மாதிரி போகும். அடுத்த லோடில் மறுபடி நிற்கும்.

பம்ப் கடைக்காரருக்கு அலுத்துவிட்டது. இனிமேல் இதைத் தேற்ற முடியாது, அக்காவின் கணவர் போனபோதே இதையும் கூடவே அனுப்பியிருக்க வேண்டும் என்றார். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் முகம் மாறாமல், "அவரு கூப்ட்டிருப்பாரு தம்பி. இதுதான் ஸ்டார்ட் ஆயிருக்காது," என்றார்.

ஆனால் அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. அன்னதானக் குழுவினர் வந்து, இந்த முறை மினி வேன் சொல்லிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் லாரி நின்றுவிட்டால் முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் வரமுடியாது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார், இந்த ஒரு பௌர்ணமி மட்டும் தன் வண்டி வரட்டும், வழியில் நின்றால் மறுநாளே எடைக்குப் போட்டுவிடுவதாக.

அதே வாரத்தில் எனக்கும் ஒரு கஷ்டம். குழந்தை பாட்டிலில் பால் குடிக்கவில்லை. நாலு வாய் சப்புவான், முகம் சிவக்க அழுவான், தள்ளிவிடுவான். வாயில் புண்ணா, தொண்டையில் கோளாறா, காதுவலியா என்று போனில் தேடித்தேடிப் படித்து நானே பாதி நோயாளி ஆகிவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறான் என்றார். நான் நம்பவில்லை. ஒரு மதியம் அழுகிற பிள்ளையோடு நானும் அழுதுகொண்டு அக்கா வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டார். "எப்பலருந்து குடிக்கலன்னு எங்கிட்ட சொல்லாத. எப்ப நல்லா குடிச்சான், அத சொல்லு," என்றார்.

யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கொடுத்தால் குடிக்கிறான். அதைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் பாட்டில் மூடியை ஒழுங்காகத் திருகவே மாட்டார், பால் ஒழுகிச் சட்டையெல்லாம் ஈரமாகும். நான் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இறுக்கித் திருகிக் கொடுப்பேன். அக்கா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். ரப்பர் காம்பு உள்பக்கம் சப்பி ஒட்டிக் கிடந்தது. மூடியை ஒரு அரைத் திருகு தளர்த்தினார். பாலுக்குள் குமிழ்குமிழாகக் காற்று ஏறியது, காம்பு நிமிர்ந்தது. பிள்ளை மடக்மடக்கென்று குடித்தான்.

"பாவம், அவன் இழுக்கறான், உள்ள காத்து பூந்தாத்தான பால் வெளிய வரும்," என்று சிரித்தார். எனக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன், வேறெதுவும் நினைத்தல்ல. "சரிக்கா, உங்க வண்டி எப்ப நல்லா ஓடுது?"

"மெக்கானிக் வந்துட்டு போனா ஓடுது."

"எந்த மெக்கானிக் வந்தாலுமா?"

"யாரு வந்தாலும்."

"வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவாங்க?"

"மொதல்ல என்னா, டேங்க் மூடிய தொறந்து டீசல் இருக்குதான்னு..."

அக்கா வாக்கியத்தை முடிக்கவில்லை. பாட்டிலுக்குள் இன்னும் குமிழ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

வாசலுக்கு ஓடினோம். பழைய டேங்க் மூடி பெட்ரோல் பங்கில் எங்கோ தவறிப்போய், புதிது வாங்கிப் போட்டிருந்தார்கள். பழையதில் காற்றுப் போக ஓட்டை அடி ஓரத்தில் இருந்தது. புதியதில் மூடியின் நட்டநடுவில், ஊசி நுழைகிற அளவுக்கு. அதன்மேல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்பிய சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வழியில்லை. பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்துத் தோற்றிருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்த ஒவ்வொரு மெக்கானிக்கும், தனக்கே தெரியாமல் வண்டியைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்.

நானாக இருந்தால் உடனே சந்தனத்தைச் சுரண்டி எறிந்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். "இரு. எத்தினி பேரு சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு போனாங்க. இப்டியே ஓட்டி, இதனாலதான் நின்னுச்சுன்னு கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

ஏழுமலை அண்ணன் வந்தார். கேபினில் அக்கா, நான், என் மடியில் பிள்ளை. வெயில் படுமோ, தூசி போகுமோ என்று துப்பட்டாவால் மூடி மூடித் திறந்தபடி இருந்தேன். கீழ்பென்னாத்தூர் சாலையில் வண்டி ஜோராகப் போனது. அக்கா வாய்விட்டே வேண்டிக்கொண்டார், "அருணாசலா, நின்னுடணும்பா." தன் வண்டி வழியில் நிற்கவேண்டும் என்று சாமி கும்பிட்ட லாரிக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மல்லாட்டைக் கொல்லைகள் ஆரம்பிக்கும் மேட்டில் இழுவை குறைந்தது. திணறியது. நின்றது.

அக்கா கைதட்டினார். பிள்ளையும் பார்த்துவிட்டுக் கைதட்டினான். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, பஞ்சரா என்று விசாரித்தார். "இல்லப்பா, நல்லதுக்குத்தான் நின்னுக்குது," என்றார் அக்கா.

ஏழுமலை அண்ணன் மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது, ரொம்ப நேரம் மூச்சை அடக்கியிருந்தவர் இழுத்து விடுவதுபோல. அக்கா அதைக் கேட்டுவிட்டு அந்த டேங்க்மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். "நானே பூச வெச்சி, நானே உன் மூச்ச அடச்சிருக்கேன். நீயும் ஒண்ணும் சொல்லாம இருந்திருக்க பாரு," என்று லாரியிடம் சொன்னார். என் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் முனையாலேயே ஓட்டையைச் சுத்தம் செய்தார். கைப்பம்பைச் சிறிது அடித்து ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து கீழ்பென்னாத்தூர் போய், டீ குடித்து, திரும்பி வாசலுக்கு வரும்வரை ஒரு இடத்திலும் அது தடுமாறவில்லை.

அந்தப் பௌர்ணமியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அண்டாக்களோடு லாரி கூட்டத்துக்குள் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது. பந்தியில் பம்ப் கடைக்காரரும் உட்கார்ந்திருந்தார். அக்கா தேடிப்போய் அவர் இலையில் சாம்பார் சாதத்தை வைத்தார். அவர் தலை நிமிரவில்லை. "உம்மேல ஒண்ணும் தப்பில்ல தம்பி. ஒவ்வொரு தடவையும் நீதான் சரி பண்ண. உனக்கு மட்டுந்தான் தெரியல," என்றார் அக்கா. பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறியது. பம்ப் கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே அடக்கமாட்டாமல் சிரித்தார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

சந்தனம் வைப்பதை அக்கா நிறுத்தவில்லை. ஓட்டையை விட்டுவிட்டுச் சுற்றிலும் வளையமாக வைத்தார். அதற்குப்பின் அந்த லாரி வழியில் நின்று நான் கேள்விப்படவே இல்லை. எடைக்குப் போகவேண்டிய வண்டியை மீட்டெடுத்து, கடைசி நாள்வரை லோடு ஏற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார். இதை நான் துக்கமாக எழுத விரும்பவில்லை. அக்கா ஜெயித்தவர்.

கடைசிப் பயணமும் அதே லாரியில்தான். பக்கத் தட்டியெல்லாம் இறக்கி, பூ கட்டினார்கள். லாரி ஸ்டாண்டிலிருந்து வந்த ஒருவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சக்கரங்களுக்கு வைத்தார், முகப்புக்கு வைத்தார், டேங்க் பக்கம் குனிந்தார். அவ்வளவுதான். ஏழுமலை அண்ணன், பம்ப் கடைக்காரர், அன்னதானக் குழுவினர், படியில் பிள்ளையோடு நின்ற நான், எல்லோர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது: "மூடி மேல வேணாம்."

அவர் மிரண்டுபோய்க் கையை எடுத்துவிட்டார். அழுதுகொண்டிருந்த கூட்டம் அழுகையோடு சிரித்தது. பம்ப் கடைக்காரர் கிண்ணத்தை வாங்கி, ஓட்டையைச் சுற்றி ஒற்றை விரலால் வளையம் போட்டார். வண்டி முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆனது. தெருமுனை திரும்பி, பெரிய சாலையில் கலக்கும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கும் பிசிறவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, என் தாலிச் சரட்டில் இன்னமும் இருக்கும் அந்த ஊக்கு. மற்றது, என் பயத்தைப் பார்த்து அவர் ஒருமுறை சொன்னது: "பயப்படறது ஒண்ணும் தப்பில்லம்மா. சும்மா உக்காந்துக்கினு பயப்படாத. எதையாவது தொறந்து பாத்துக்கினே பயப்படு."

உள்ளே மறுபடி இருமுகிறான். எப்போது நன்றாக இருந்தான்? நேற்று இரவு, மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது. போய்த் திருப்பி வைத்துப் பார்க்கிறேன், அக்கா.