இரண்டு நீலத் துண்டுகள்

எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு நீலத் துண்டுகள் இருக்கின்றன. ஆறு வருடங்களுக்கு முன், மூளைக்காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்த என் எட்டு வயது மகளின் தலைக்கு இருபுறமும் முட்டுக்கொடுத்திருந்தவை. அவற்றைச் சுருட்டி வைத்தவர் அந்த வார்டின் மூத்த சிஸ்டர். மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கண்டிப்புக்காரர். முதல் இரண்டு நாள் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, அது இறங்கினால்தான் பிள்ளை பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்தி, தலை நேராக இருக்கும்படி படுக்கவைத்திருந்தார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம். அழுகையை அடக்கத் தெரியாத மனைவி வெளியே இருந்தாள். அடக்கத் தெரிந்ததாக நினைத்துக்கொண்ட நான் உள்ளே. சிஸ்டர் அப்பால் நகர்ந்ததும் ஒரு துண்டை உருவிவிட்டு, மகளின் முகத்தை மெல்ல என் பக்கம் திருப்புவேன். அவர் வந்து நேராக்குவார். நான் மறுபடி திருப்புவேன். மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“எத்தன வாட்டிண்ணே சொல்லுதேன், கழுத்தத் திருப்பாதீங்கன்னு?”

“ஏனுங்க சிஸ்டர், புள்ள கண்ணு முழிச்சா எம்பட மூஞ்சி தெரிய வேண்டாமுங்களா?” என்று கத்தியேவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கழுத்து திரும்பினால் தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் அங்கே தடைப்படும், உள்ளே அழுத்தம் இன்னும் ஏறும் என்றார். நல்லேப்பிள்ளியில் நெல் விளைவிக்கிறவன் நான். தண்ணீர் வடிகிற மடையை அடைத்தால் வயல் என்னாகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசம் பாசம் என்று நானே அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக் கட்டிலின் மறுகோடிக்கு நகர்த்தினார். “இங்கன நில்லுங்கண்ணே. முழிச்சா நேரா உங்க மொகந்தான் தெரியும்.”

அன்று முதல் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் அடிக்கடி வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒருமுறை போகிற போக்கில் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் காலை மகளின் இமைகள் பிரிந்தன. பார்வை எங்கெங்கோ அலைந்தது. பக்கத்தில் ஓடக் கால் துடித்தது, ஓடவில்லை. கடைசியில் அந்தப் பார்வை என் மேல் வந்து நின்றது. அடக்கத் தெரிந்தவன் அழுத அழுகையை வார்டே பார்த்தது. சிஸ்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சத்தம் போடாதீங்கண்ணே” என்று அதட்டினார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளுக்கு இப்போது பதினான்கு. இடது கை மட்டும் இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னபடி கேட்கிறது. இன்று காலை பள்ளிக்கு எழுப்பப் போனேன். நேற்றுத் தலைக்குக் குளித்தவள், அந்த நீலத் துண்டுகளில் ஒன்றை எடுத்துத் துவட்டிவிட்டுக் கட்டிலிலேயே போட்டிருந்தாள். கழுத்தை ஒடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கினாள். வழக்கம்போலக் கால்மாட்டில் நின்று கூப்பிட்டேன்.

“ஏனுங்கப்பா, பக்கத்துல வந்து எழுப்புனா ஆகாதுங்களா?” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

ஆகாதுதான். துண்டை எடுத்து மடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், அவளாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கும்வரை.